பயோடேட்டாவில் எதை எழுதுவது?

(தாதரில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காபி வருவதற்குள் முடித்துவிடும்படி செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

1972-ல் நான் ரயிலில் வந்து இதே தாதரில் இறங்கியபோது கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர். மாதுங்காவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களிடமும் ஏறக்குறைய இதே காகிதங்கள்தான். சோறு போட்டது டைப்ரைட்டிங். ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. அப்படி எழுதிக்கொடுத்தால் உடனே மெஷின் முன்னால் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். கதை விடுவதற்கு இடமே இல்லை.

இப்போது பயோடேட்டா ரெஸ்யூமே ஆகிவிட்டது. படித்து முடித்த குழந்தைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். யோகா, ரோபோடிக்ஸ், ரத்த தானம், அரை நாள் ஆன்லைன் கோர்ஸ் என்று நான்கு பக்கம். எதை வைப்பது, எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு பழைய விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

1912 பிப்ரவரி 9 அன்று மதராஸ் போர்ட் டிரஸ்டில் ஒரு குமாஸ்தா வேலைக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்ரீனிவாச ராமானுஜன் எழுதியது அது. சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சந்தர்ப்பவசத்தால் மேலே தொடர முடியவில்லை என்றும் சொல்கிறார். தேறியதாக எழுதவில்லை, கவனியுங்கள். பிறகு ஒரே ஒரு உபரி விஷயம்: தம் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாக. 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய கட்டுரை அச்சேறியிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம் கூட இருந்தது. மார்ச் 1 முதல் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர் என்பது பகவத் சங்கல்பம்.

மறு வருஷம் ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதுகிறார். அதிலும் தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த முறை பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஆள் ஒருவர்தான், யார் படிக்கப் போகிறார் என்பதைப் பார்த்துச் சரக்கை மாற்றிவிட்டார். (வயதை மட்டும் சுமார் 23 என்று போட்டார். உண்மையில் 25. இன்றைய எச்.ஆர்.காரர்கள் இதற்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.)

இனி என் சொந்தக் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 38 வருஷ சர்க்கார் உத்தியோகத்தில், ஒரிஜினலைப் பார்க்காமல் எந்த நகலிலும் நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தர்ம ஸ்தாபனத்தில் பொறுப்பில் இருந்தேன். 2014-ல், ரொம்ப வேண்டியவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்தான். எங்கள் மருத்துவ முகாமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு, டோக்கன் கொடுத்தவன். "மாமா, ரெண்டு வருஷம் வாலண்டியரா இருந்தேன்னு ஒரு சர்டிபிகேட் கொடுங்கோ, ரெஸ்யூமேல போட்டுக்கறேன்" என்றான். போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு உபகாரம்தானே என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அவனை வேலைக்கு எடுத்த கம்பெனிக்காக விவரங்களைச் சரிபார்க்கும் இடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "ரெண்டு வருஷத்துல எத்தனை கேம்ப் சார்? அவருக்கு என்ன பொறுப்பு?" எனக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில், "ஒரு நாள்தாம்மா வந்தான்" என்று சொல்லிவிட்டேன். வேலை போயிற்று.

அவன் தாயார் என்னிடம் கோபப்படவில்லை. "மாமா, நீங்க அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பிறகு பேசிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்தப் பிள்ளை மூன்று வருஷமாக, சனிக்கிழமை தோறும் தாராவியில் பத்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறான். பைசா வாங்கவில்லை. "இதை ஏண்டா ரெஸ்யூமேல போடலை?" என்றேன். "அதுக்கு சர்டிபிகேட் இல்லையே மாமா" என்றான்.

அன்றைக்கே அவனை உட்கார வைத்து, என் கையெழுத்துப் போட்ட வரியை அடித்துவிட்டு, தாராவியை எழுத வைத்தேன். எத்தனை குழந்தைகள், எந்த வருஷத்திலிருந்து, எந்தப் பாடம் என்று இரண்டே வரி. அடுத்த இன்டர்வியூவில் அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்களாம். தடங்கலில்லாமல் பதில் சொன்னேன் என்று போனில் சொன்னான்.

காபி வந்துவிட்டது போலிருக்கிறது. ரெஸ்யூமே கொண்டுவந்திருக்கும் குழந்தைகள் அந்த ஜன்னலோர மேஜைக்கு வாருங்கள், பேனா வைத்திருக்கிறேன்.