சூரியன் அஸ்தமிக்காத ஊரில்



சென்ற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஸ்வீடன், நார்வே நாடுகளுக்குப் போய் வந்தோம். வடகோடியிலுள்ள ட்ரோம்சோ நகரில் ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதே காரணம் என்று விளக்கினேன். "சரி, சாயங்கால சந்தி எப்போது பண்ணுவேள்?" என்றாள். பௌதிகத்தில் அதற்குப் பதில் இல்லை! கைக்கடிகாரம்தான் காப்பாற்றியது.

அந்த மக்கள் பேச்சில் மகா சிக்கனம். பஸ்ஸில் பக்கத்து ஸீட் காலியாக இருந்தாலும் பலர் நின்றுகொண்டே வருகிறார்கள். ஸ்வீடனில் 1766-லேயே அரசாங்கக் கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்கச் சட்டம் வந்துவிட்டது; நமக்கு 2005-ல்தான். அங்கே யாருடைய வருமானத்தையும் வரி அலுவலகத்தில் கேட்டறியலாம். அவரிடமே நேரில் கேட்பதுதான் அநாகரிகம். நம் வழக்கம் நேர்மாறு!

ட்ரோம்சோ பூங்காவில் என் வயதொத்த மாது ஒருவர் வெயிலில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை அங்கே சூரியோதயமே கிடையாது, அதற்காகச் சேர்த்துவைக்கிறாராம். தனியாக வசிக்கிறார். நகராட்சி ஊழியர் தினமும் வந்து பார்த்துப் போகிறார். "உங்கள் பிள்ளைகள் கூட இருக்கிறார்களா?" என்று கேட்டார். "அமெரிக்காவில்" என்றேன். அப்புறம் இருவருமே பேசவில்லை.

மேல்நாட்டார் பெற்றோரைக் கவனிப்பதில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நம் வீடுகளிலும் இன்று இரண்டு கிழங்கள்தானே மிச்சம்! நகராட்சி ஊழியர் இங்கே வரப்போவதில்லை. நம் கிளை அங்கத்தினர்களே வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாமே. காபி நிச்சயம் கிடைக்கும், பேச்சுக்கும் பஞ்சமிராது.