வெள்ளைப் பல்லும் நல்ல பல்லும்

(டத்தோ கிராமாட்டில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெசர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பேசும் மேடையில் பல்லைப் பற்றிப் பேச இந்தக் கிழவனை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் எண்ணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து மருந்தகங்களில் வேலை செய்தவன் நான். காய்ச்சலுக்கும் கத்திக் காயத்திற்கும் வராதவர்கள்கூட, பல் வலி வந்தால் நடு இரவில் கதவைத் தட்டுவார்கள். பல் வலி வந்தவன் மறுநாள் பெரட்டுக்கு வரமாட்டான். பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே பல்லும் தொழிலாளர் பிரச்சினைதான்.

போன மாதம் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். அவன் தாத்தா என்னோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர். பையன் இங்கே ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் விற்பனை வேலை பார்க்கிறான். “டிரெசர் தாத்தா, பச்சைத் தண்ணீர் குடித்தாலே பல் கூசுகிறது” என்றான். என்னடா செய்தாய் என்று கேட்டேன். பல் மஞ்சளாக இருக்கிறதென்று ஒரு மாதமாக எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் குழைத்துத் தேய்த்திருக்கிறான். அதற்கு முன் கரித்தூள். கைத்தொலைபேசியில் யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்தில் நாம் வெட்டுவது பட்டையைத்தானே? கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. மண்டோர் திட்டுவார். பல்லுக்கும் ஒரு பட்டை உண்டு. அதற்கு எனாமல் என்று பெயர். மனித உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப் பொருள். ஆனால் ஒரு வித்தியாசம். மரத்தின் பட்டை சில ஆண்டுகளில் மறுபடி வளரும்; மறுவெட்டு வெட்டலாம். எனாமல் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். அது மறுபடி வளராது.

அந்த எனாமலுக்குக் கீழே இருக்கும் பகுதிக்கு இயற்கையாகவே இளமஞ்சள் நிறம். எனாமல் கண்ணாடிபோல் சற்று ஊடுருவித் தெரியும் பொருள். ஆகையால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க எனாமல் மெலிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள்தான் அதிகம் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்கிறோம்! கூச்சம் வேறு மிச்சம்.

சாம்பல், செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு, இவற்றைக் கொண்டுதானே நம் லயத்து வீடுகளில் பல் விளக்கினோம் என்பீர்கள். ஆம், விளக்கினோம். பற்பொடியை விரலில் தொட்டுத் தேய்த்த தலைமுறையைச் சேர்ந்தவன்தான் நானும். கறை போனது உண்மை. அதோடு எனாமலும் போனது. ஐம்பது வயதில் ஈறோரத்தில் பள்ளம் விழுந்து கிடந்த பற்களை எத்தனை வாயில் பார்த்திருக்கிறேன்! இன்று அதே கரியை அழகான குழாயில் அடைத்துப் புதுச் சரக்கென்று விற்கிறார்கள். கரி கரிதான்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று பெரியவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது. குச்சியின் நுனியை மென்று தூரிகைபோல் ஆக்கி, ஈறு புண்ணாகாமல் மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு நீங்கும். பிரஷ் கிடைக்காத இடத்தில் அது நல்ல கருவி. ஆனால் பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு என்ற காப்புப் பொருள் குச்சியில் இல்லை.

எலுமிச்சைச் சாறு எப்படி என்று கிராணிமார்களைக் கேளுங்கள். ஸ்டோரில் பார்மிக் ஆசிட் கணக்கு வைத்தவர்கள் அவர்கள். தண்ணீராக இருந்த ரப்பர் பாலைச் சற்று நேரத்தில் கட்டியாக்கிவிடும் சக்தி அந்தப் புளிப்புக்கு உண்டு. எலுமிச்சையிலும் புளிப்பு இருக்கிறது. எனாமலின் மேற்பரப்பைக் கரைக்க அது போதும். கரைந்து இளகிய நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, இளம் பட்டையில் ஆழக் கத்தி போடுவதற்குச் சமம். புளிப்பான பழமோ குளிர்பானமோ சாப்பிட்டால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

சரி, மஞ்சள் நிறம் ஏன் வருகிறது? மூன்று காரணம். முதலாவது, வெளிக்கறை. தேநீர், காப்பி, சிகரெட், சுருட்டு, வெற்றிலை. இரண்டாவது, வயது. எனாமல் மெலிய மெலிய நிறம் மங்கும். அது நரை மாதிரி, நோயல்ல. மூன்றாவது, உட்கறை. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்கிளின் மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைக்கும், அதைக் கர்ப்பத்தில் உட்கொண்ட தாயின் பிள்ளைக்கும் பல் பழுப்பாக வரலாம். அடிபட்டு உயிர் போன பல் சாம்பல் நிறமாகும். உட்கறையை எந்தப் பொடியாலும் தேய்த்து எடுக்க முடியாது. தேய்ப்பவனின் கைதான் வலிக்கும்.

வெளிக்கறைக்கு வழி எளிது. அரசாங்கப் பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்துகொள்வது. அதற்கு ஆகும் செலவு சிறிது. “டிரெசர் ஐயா, சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமாமே!” என்று எத்தனையோ அக்காமார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பல்லிடுக்கில் கல்போல் இறுகிய காரையைத்தான் அங்கே எடுக்கிறார்கள். காரை போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். உண்மையில் பல்லை ஆட வைப்பது அந்தக் காரைதான்.

பல்லை வெளுக்க வைக்கும் மருந்தும் இருக்கிறது. அதன் சாரம் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரை பொங்குமே, அதே இனம். பல் மருத்துவர் வாயைப் பார்த்து, சொத்தையை அடைத்து, ஈறு நோயைக் குணப்படுத்திய பிறகு அளவாகக் கொடுத்தால் பெரிய ஆபத்தில்லை. சில நாள் கூச்சம் இருக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் பெராக்சைடு உள்ள பல் வெளுப்புச் சரக்கைக் கடையில் விற்கக்கூடாது. 6 பங்கு வரை பல் மருத்துவர் மூலமாக மட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது. அவ்வளவு கவனம் வேண்டிய பொருளை, பாசார் மாலாமிலும் தொலைபேசியிலும் அளவு தெரியாமல் வாங்கி வாயில் வைக்கலாமா? நம் நாட்டிலும், பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது 2018 ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். மலிவென்று போய் ஈறு வெந்து திரும்பாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அடைத்த பல்லையும் கட்டிய பல்லையும் இந்த மருந்து வெளுக்காது. கர்ப்பிணிகள் பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

அன்றாடம் செய்ய வேண்டியது என்ன? மென்மையான பிரஷ். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை. 1000 முதல் 1500 பி.பி.எம். என்று குழாயில் அச்சிட்டிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் இந்தப் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விலை கூடியது வேண்டியதில்லை. காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை. இரவு நேரத்ததுதான் முக்கியம். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். தண்ணீர் விட்டு அலசி மருந்தைக் கழுவி விடாதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பசை; ஆறு வயது வரை பட்டாணி அளவு.

அடுத்தது சீனி. பாடாங் பிரவுனில் உட்கார்ந்து கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறோம். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லுக்குக் கணக்கு. குடிப்பதானால் சாப்பாட்டோடு குடித்து முடியுங்கள். பாட்டிலில் இனிப்புப் பாலோடு குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள், தாய்மார்களே.

பிள்ளைகளின் பல்லைப் பொறுத்தவரை பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதியரைப் பழக்கும் பள்ளி 1949 இல் பினாங்கில்தான் திறக்கப்பட்டது. இங்கே படித்துச் சென்ற பெண்கள் நாட்டின் மூலை முடுக்குப் பள்ளிகளுக்கெல்லாம் போனார்கள். பிறகு 1972 இல், குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது. பல் தாதி பள்ளிக்கு வரும் நாளில் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் இன்றும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அது நம் பிள்ளையின் உரிமை.

தோழர்களே, இதுவரை சொன்னது பல்லின் வெண்மை. இனிச் சொல்லப் போவது வேறொரு வெண்மை. இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

என் தாயார் பால் வெட்டியவர். விடியற்காலை தீம்பாருக்குப் போகும்போது இடுப்பில் வெற்றிலைப் பை இருக்கும். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. கொசுவுக்கும் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. 1981 இல் எனக்குத் திருமணம். நானோ டிரெசர், படம் எடுக்கும்போது அம்மாவின் பல் சிவப்பாக இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பல் வைத்தியரிடம் அழைத்துப் போய்க் கறையை எடுக்கச் சொன்னேன். பல் வெளுத்தது. படத்தில் அம்மா அழகாகச் சிரிக்கிறார். அந்தப் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால், இடது கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலை அடக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வலி இல்லை, அதனால் அம்மா சொல்லவில்லை. பல்லைப் பார்த்த நான் கன்னத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பது என் தொழில். பார்க்காதது என் பிழை. அது புண்ணாகி, வாய் திறக்க முடியாமல் போனபோதுதான் தெரிந்தது. 1984 இல் அம்மா போய்விட்டார்.

மறு வருடம், 1985 இல், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது. புகையிலை இல்லாமல் போட்டால் தீங்கில்லை என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அதே அமைப்பு 2004 இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடையேதான், அதிலும் பெண்களிடையே, மிகுதி. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாமும் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆனால் வெற்றிலைப் பை நம்மோடு கூடவே வந்திருக்கிறது.

தாம்பூலத் தட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது நம் மரியாதை. தட்டில் வைத்துக் கொடுங்கள், கைகூப்பி வாங்குங்கள். வாயில் அடக்க வேண்டாம் என்கிறேன்.

மாதம் ஒரு நாள், கண்ணாடி முன் நின்று, கைவிளக்கைப் பிடித்து வாயைப் பாருங்கள். இரண்டு கன்னம், ஈறு, நாக்கின் இரு பக்கம், நாக்கின் அடி. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு உண்டா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? கட்டி உண்டா? மூன்று விரலை நேராக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லையா? காரம் பட்டால் எரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்கு போங்கள். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி இந்த டத்தோ கிராமாட்டிலிருந்து தூரமில்லை. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோய் அல்ல. அதைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை, காட்டுவது நம் வேலை.

இளைஞர்களே, உங்கள் பல் வெண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. உழைப்பவன் அழகாகச் சிரிக்கக்கூடாதா? சிரியுங்கள். ஆனால் இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பாட்டியை, உங்கள் அம்மாவை விளக்கடியில் உட்கார வைத்து, “ஆ காட்டுங்கள் அம்மா” என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்காத கேள்வி அது. நீங்கள் கேளுங்கள்.