காதலும் உடலின் இரசாயனமும்

(ஸ்பிரிங்வெளியில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நாம் எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் வாசித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டும் எதிர்பார்த்ததே. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நின்று காதலைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு பெரியவர் நேற்றே கேட்டுவிட்டார். இறைவனைக் காதலனாகவும் அடியாரைக் காதலியாகவும் வைத்துப் பாடிய தேவாரம் நம்முடையது என்று அவருக்குப் பணிவுடன் சொன்னோம். பாதிரிமார் பாடசாலையில் படித்த நாளில், வேதாகமத்துக்குள் உன்னதப்பாட்டு என்றொரு காதற் பகுதி இருப்பதை நாமாகவே கண்டுபிடித்தோம். வகுப்பில் அதை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. ஆகவே இந்தக் கூச்சம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது.

இரசாயனம் என்று சொன்னால் காதலின் மதிப்புக் குறைந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு நமது மலையிலேயே பதில் இருக்கிறது. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை நமுனுகுலைச் சரிவுகளில் வறண்ட காற்று வீசுகிறது; கொழுந்து வாடுகிறது. அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்த மணம் பிறக்கிறது. அம்மணத்தைத் தரும் பொருள்களில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று. உளுக்குக்குத் தடவும் தைலத்தில் மணப்பதும் அதுவே. இதைத் தெரிந்துகொண்டதால் தேநீர் கசந்துவிட்டதா? கொழுந்து பறித்த கையின் உழைப்புத்தான் சிறுத்துவிட்டதா?

காதலின் அடையாளங்களை உடலிலே கண்டு எழுதுவதில் நம் முன்னோர் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். காதல் அரும்பும் வேளையில் நெற்றி வியர்ப்பதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஓர் அடையாளமாகக் குறிக்கிறது. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும், பிரிவினால் மேனியிலே படரும் பசலையைப் பற்றியது. அவர்கள் கண்டதற்கு இன்றைய உடலியல் காரணம் சொல்கிறது. மனங்கவர்ந்தவரைக் கண்டதும் மூளையின் கட்டளை நரம்புகள் வழியே ஓடுகிறது. சிறுநீரகங்களின் மேலே குல்லாய்போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஓமோனை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு உலர்கிறது. காட்டிலே சிறுத்தையைக் கண்டாலும், பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டாலும் உடம்பு செய்வது இதையேதான்.

இதனால் உள்ளம் ஏமாறுவதும் உண்டு. கனடாவிலே கப்பிலானோ என்ற இடத்தில் பள்ளத்தாக்குக்கு மேலே ஆடுகின்ற தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. டட்டன், ஆரன் என்ற இரு உளவியலார் அங்கே நடத்திய சோதனையை 1974இல் வெளியிட்டார்கள். பாலத்தில் வந்த ஆடவர்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, விரும்பினால் பின்னர் அழைக்கலாம் என்று தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். ஆடும் பாலத்தில் எண்ணைப் பெற்றுக்கொண்ட 18 பேரில் 9 பேர் அழைத்தார்கள். உறுதியான, தாழ்ந்த பாலத்தில் பெற்றுக்கொண்ட 16 பேரில் அழைத்தவர்கள் இருவரே. பாலம் தந்த படபடப்பை உள்ளம் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் படம் பிடிக்கச் செல்லும் நண்பர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

அட்ரினலின் வாசற்படியில் நிற்பது. வீட்டுக்குள்ளே ஆட்சி செய்வது டோபமின். 2005இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹெலன் பிஷரும் அவருடைய தோழர்களும், புதிதாகக் காதல் வயப்பட்ட 17 பேரைக் காந்தப் படக்கருவியில் படுக்கவைத்துக் காதலரின் நிழற்படத்தைக் காட்டினார்கள். மூளையின் அடிப்பகுதியில், டோபமினை அனுப்பும் சிறிய இடமொன்று விழித்துக்கொண்டது. பசித்தவனை உணவுக்கும் தாகித்தவனைத் தண்ணீருக்கும் துரத்துவதில் பங்குகொள்ளும் இடம் அது. டோபமினை இன்பம் தரும் பொருள் என்று பலர் எழுதுகிறார்கள். ‘இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்’ என்று தேடவைக்கும் பொருள் என்பதே பொருத்தமாகும். பெரட்டுக்குப் போகும் வழியில், எதிரே வராதவளை எதிர்பார்த்து ஒருவன் தினமும் சுற்றுப்பாதையில் நடக்கிறானே, அவனை நடத்துவது இதுதான்.

வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் யானை இனச்சேர்க்கைக்குத் தயாராகும்போது அதன் சிறுநீரில் வெளிப்பட்டு ஆண் யானையை அழைக்கும் இரசாயனப் பொருள் எதுவென்று 1996இல் கண்டறிந்தார்கள். பல அந்துப்பூச்சி இனங்கள் துணையை அழைக்கப் பயன்படுத்தும் அதே பொருள்! இயற்கை யானைக்கும் பூச்சிக்கும் ஒரே ஓலையை எழுதியிருக்கிறது. ஆனால் மனிதருக்கு இத்தகைய அழைப்பு வாசனை உண்டென்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பெண்களை மயக்கும் என்று விளம்பரமாகும் வாசனைப் போத்தல்களுக்குச் சம்பளப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

மயக்கம் வேறு, பற்று வேறு. பற்றைப் பற்றிப் பேசும்போது ஒட்சிற்றோசின் என்ற ஓமோன் வந்துவிடும். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், குழந்தை வாய்வைத்ததும் தாயின் பாலை இறங்கச் செய்வதும் அதுவே. வின்சன்ட் டு விக்னோ அதை 1953இல் ஆய்வுகூடத்திலே செய்துகாட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்கப் புல்வெளிகளில் சோடியாக வாழும் ஒருவகை எலியில் இணைபிரியாமைக்கு இதுவே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2023இல் வெளியான ஆராய்ச்சியோ, இந்த ஓமோனை உணரும் வாங்கிகள் இல்லாமற் பிறந்த எலிகளும் சோடி சேர்ந்தே வாழ்ந்ததைக் காட்டிற்று. ஒரே துளியில் அன்பு முழுவதையும் அடைத்துவிடப் பார்த்த விஞ்ஞானம் அங்கே சற்றுத் திகைத்து நிற்கிறது. எமக்கு அதில் வருத்தமில்லை.

இனி, இந்தப் பொருளை நாம் ஏன் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும்.

மயக்கத்துக்குக் காலக்கணக்கு உண்டு. இத்தாலியின் பைசா நகரில் 1999இல் மறாசிற்றி என்ற அம்மையாரின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுக்காதலரின் இரத்தத்தில், செரோற்றோனினோடு தொடர்புடைய ஓர் அளவு, ஒரே எண்ணம் விடாது சுழலும் மனநோயாளரிடம் போலவே தாழ்ந்திருந்ததைக் கண்டார்கள். அவர்களிற் சிலரை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது அளவு வழக்கநிலைக்குத் திரும்பியிருந்தது. அதற்காகக் காதல் செத்துவிடும் என்று பொருளில்லை. சராசரி 21 ஆண்டுகள் மணவாழ்வு நடத்தி, இன்னும் காதலிப்பதாகச் சொன்ன 17 பேரை 2011இல் ஆராய்ந்தபோது அதே டோபமின் இடம் விழித்திருந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார் இப்போது சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் படக்கருவி தேவையில்லை.

கைவிடப்பட்டவர்களின் நிலை என்ன? 2010இல் பிஷர் குழுவினர், காதலரால் கைவிடப்பட்டும் மறக்க முடியாத 15 பேரை ஆராய்ந்தார்கள். அங்கும் அதே இடம் விழித்திருந்தது. கொக்கேயின் வெறியோடு சம்பந்தப்பட்ட பகுதிகளும் விழித்திருந்தன. கள்ளுக்கு அடிமையானவன் கள்ளில்லாமல் துடிப்பதுபோல் ஒரு துடிப்பு. அவ்வாராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது: பிரிந்து நாட்கள் கூடக்கூட, பற்றோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதியின் செயற்பாடு குறைந்திருந்தது.

நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன், மாலையில் நம்மோடு பந்தடித்தவன், இன்று இல்லை. பெயர் சொல்லோம். இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டாரையும் குறை சொல்லோம். அவனுடைய வேதனை பொய்யல்ல; உடம்பின் ஒவ்வொரு நரம்பிலும் இருந்த வேதனை. ஆனால் அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று அவன் நம்பினானே, அதுதான் பொய். அதை அவனிடம் சொல்ல அன்றிரவு பக்கத்தில் ஒருவருமில்லை. நாமும் இல்லை.

இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மடிந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது. கொடிய பூச்சிமருந்துகள் 1980களிலும் 1990களிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 ஆகும்போது அந்தத் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அப்போது குறையவில்லை, வந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை என்பதும் பல நாடுகளில் கண்ட உண்மை. அந்த வேளை கடந்ததும் உயிர் தானாகவே வாழ்வின் பக்கம் திரும்பிவிடுகிறது.

பெரியோர்களே, சாதி, சாதகம், அயல்தோட்டம் என்று நீங்கள் சொல்லும் தடைகளைப் பற்றி இன்று வழக்காட வரவில்லை. அது நீண்ட வழக்கு. பிள்ளையின் காதல் உடைந்ததென்று தெரிந்த அன்று லயத்து வாசலில் நின்று ஊர் கேட்க ஏசவேண்டாம். அன்றிரவு அவனையோ அவளையோ தனியே விடவேண்டாம். ஓர் அண்ணன், ஒரு சித்தி, ஒரு சிநேகிதன் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். புத்திமதி கூடத் தேவையில்லை. நண்பர்களே, யாரிடமும் சொல்ல முடியாதென்று தோன்றினால் 1926 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் அந்த எண்ணில், முகம் தெரியாத ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்பார்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் தேநீர் வேளையில் கேட்கலாம். வெட்கப்படுகிறவர்கள் திரும்பி நடக்கும்போது கேட்கலாம். நாமும் அந்த வழியாகத்தான் போகிறோம்.