தலைவலியா? கண்ணையும் பாருங்கள்!



விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு அம்மாவுக்கு ஒரு பக்கமாகத் தலைவலி ஆரம்பிக்கிறது. புருவத்துக்கு மேல் பிளக்கிறது. ராத்திரிக்குள் வாந்தியும் வந்துவிடுகிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? "பித்தம் ஏறிப் போச்சு, இஞ்சிச் சாறு குடிச்சுட்டுத் தூங்கு." தைலம் தடவிப் படுக்க வைக்கிறோம். அந்தக் கண் சிவந்திருப்பதையோ, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிவதாக அவர் சொன்னதையோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விடிவதற்குள் பார்வை மங்கிவிடுகிறது. இது பித்தம் அல்ல. கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயில் இது திடீரென்று தாக்குகிற வகை.

கண்ணின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது விளங்கும். கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. அதற்குப் பின்னால் கருப்பாகவோ பழுப்பாகவோ தெரிகிற திரைக்கு ஐரிஸ் என்று பெயர். அதன் நடுவில் இருக்கிற துவாரத்தைத்தான் பாப்பா என்கிறோம். பாப்பாவுக்குப் பின்னால் லென்ஸ். திரைக்குப் பின்புறம் ஒரு நீர் இரவும் பகலும் சுரக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. நாள் முழுவதும் சுரப்பது ஏறக்குறைய அரை டீஸ்பூன்தான். அது பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, படலமும் திரையும் சேருகிற மூலையில் உள்ள சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் சேருகிறது.

குளிக்கிற இடத்து ஜலதாரையில் ஈரத்துணி போய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். சிலருக்குப் பிறவியிலேயே கண் சிறியது, அந்த மூலை குறுகல். வயது ஏற ஏற லென்ஸ் தடித்துத் திரையை முன்னால் தள்ளுகிறது. மங்கல் வெளிச்சத்தில் பாப்பா பாதி விரியும்போது திரை லென்ஸோடு ஒட்டிக்கொள்ள, பின்னால் தேங்கிய நீர் திரையை உப்பவைத்து மூலையை மூடிவிடுகிறது. மாலையிலும் சினிமாக் கொட்டகையிலும் இந்தத் தாக்குதல் தொடங்குவது இதனால்தான். சாதாரணமாகக் கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 வரை. அப்போது அது 50-ஐயும் தாண்டும். கண் நரம்பு நசுங்குகிறது. நரம்பு செத்துப் போன பார்வை எந்த வைத்தியத்தாலும் திரும்பாது.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம், 40 வயதுக்கு மேல் இன்னும் அதிகம். "புரை முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. முற்றி ஊதிய லென்ஸும் இதே மூலையைத்தான் அடைக்கிறது.

"மெட்ராஸ் ஐ கூடச் சிவப்பாத்தானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் பீளை கட்டும், உறுத்தும். ஆனால் பார்வை அவ்வளவாகக் குறையாது, வாந்தி வராது. இதிலோ பீளை இல்லை, வலி தாங்க முடியாது, பார்வை புகைமூட்டமாகிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். பாப்பாவை விரிக்கிற மருந்தாக இருந்துவிட்டால் நிலைமை மோசமாகும். ராத்திரி கடைசி பஸ் போய்விட்டதென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "வாந்தி" என்று மட்டும் சொல்லாதீர்கள், "கண் வலி, பார்வை மங்கல்" என்று முதலில் சொல்லுங்கள்.

மாத்திரை, சொட்டு மருந்துகளால் அழுத்தத்தை இறக்கிய பிறகு, லேசர் ஒளியால் ஐரிஸ் திரையில் குண்டூசி முனையளவு துளை போடுவார்கள். நீருக்கு அது மாற்றுவழி. 1857-இல் ஜெர்மனியில் ஃபான் கிரேஃபே என்ற டாக்டர் திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் காட்டிய வழிதான் இது, இப்போது கத்தியில்லாமல் நடக்கிறது. அன்றே வீடு திரும்பலாம்.

வலியே காட்டாமல் மூலை சிறிது சிறிதாக ஒட்டிப்போகிற வகையும் இருக்கிறது. நம் நாட்டில் அதுதான் அதிகம். ஆகவே 40 தாண்டியவர்கள் கண்ணாடிக்காக டாக்டரிடம் போகும்போது, அழுத்தத்தையும் மூலையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கண்ணில் தாக்கியிருந்தால் நன்றாக இருக்கிற மறு கண்ணுக்கும் துளை போடச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம். கூடப்பிறந்த அக்கா தங்கைகளையும் அதே வாரத்தில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவர்களுக்கும் அதே சிறிய கண் இருக்கக்கூடும்.