திறைசேரியின் திறவுகோல் யார் கையில்?



1953ஆம் ஆண்டில் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். சோற்றில் கை வைத்தவர் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2019 டிசெம்பரில் நிகழ்ந்ததோ எவர் கண்ணிலும் படவில்லை. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வியாபார எல்லை, ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடிக்குத் தாவியது. வரி குறைகின்றதென்றால் வேண்டாமென்பவர் யார்? திறைசேரியின் வாசல் திறந்து கிடந்ததை ஊர் கொண்டாடியது!

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே அளிக்கின்றது. வருமான வரிச் சலுகைகளோ 2020 ஜனவரி முதல் நடைமுறையாயின. அவற்றுக்கான திருத்தச் சட்டம் 2021 மே மாதத்திலேதான் பிறந்தது. பிள்ளை நடந்து திரிந்த பின்னர் பிறப்பத்தாட்சி எழுதியதற்கு இது ஒப்பாகும். அந்தப் பதினாறு மாதங்களில் எத்தனை உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்டனர்?

2022 மார்ச்சில் மருந்தின்றிப் பேராதனை வைத்தியசாலை சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது. ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதெனக் கைவிரித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 2021இல் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபா நாட்சம்பளம், தோட்டத் தொழிலாளியின் கையிலேயே கரைந்தது.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், கோத்தாபய ராஜபக்ஷ உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் நட்டஈட்டுக் கட்டளை இல்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவு கிடைத்தது. சிகிச்சை தள்ளிப்போன நோயாளிக்கு ஒரு சதமும் இல்லை. இழந்த வருமானத்தை யாரிடம் வசூலித்தார்கள்? 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகி, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவையும் பிடித்துக்கொண்டது. வரி குறைந்தபோது மாளிகைக்கு முழு விருந்து, குடிசைக்கு மிச்சம். ஏறியபோது குடிசைக்கு முழுச் சுமை.

இப்போது 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், அரசின் முதன்மைச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்துக்குள் அடக்குகின்றது. முதன்மைச் செலவென்பது வட்டி நீங்கிய செலவு. வைத்தியசாலையின் மருந்து, பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் ஆகியன அந்த வரம்புக்குள் நிற்கின்றன. கடன்காரனின் வட்டி வெளியே நிற்கின்றது. வரவு செலவுத் திட்ட விவாதத்தில், வெட்டு விழுந்தால் முதலில் எதன்மேல் விழுமென்று உங்கள் உறுப்பினரிடம் எழுத்திலே கேளுங்கள்.