தப்பான விடையிலும் ஒரு கணக்கு இருக்கு

(ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் உறுப்பினர்களுக்கும், உறுப்பினர் வீட்டுப் பெண்களுக்கும் நமது கூட்டமைப்பு நடத்திய கூட்டத்தில், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



தகுதித் தேர்வின் முதல் தாள் எழுதுகிறவர்களுக்கு 150 கேள்வி. அதில் 30 கேள்வி குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்ற பகுதியில் வரும். நம் பிள்ளைகள் அதிகமாகப் பயப்படுவது இதற்குத்தான். பியாஜே, வைகாட்ஸ்கி என்று வாயில் நுழையாத பெயர்களை ராத்திரி பகலா மனப்பாடம் செய்றாங்க. ஆனால் அந்தப் பாடம் சொல்வது முழுக்க நம் வீட்டுத் திண்ணையில் விளையாடுகிற குழந்தையைப் பற்றித்தான். குழந்தையைப் பார்த்துப் படித்தால் பாடம் மனசில் நிற்கும்.

முதலில் வளர்ச்சியின் விதியைப் பார்ப்போம். வளர்ச்சி தலையிலிருந்து கால் நோக்கிப் போகும். கழுத்து நின்ற பிறகுதான் குழந்தை உட்காரும், உட்கார்ந்த பிறகுதான் நிற்கும். அதேபோல உடம்பின் நடுப்பகுதியிலிருந்து விரல் நுனிக்குப் போகும். தோளும் கையும் முதலில் பலப்படும், விரல்கள் கடைசியில்தான் பழகும். இது நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்படியிருக்க, மூன்று வயதுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து ‘ஒழுங்கா எழுது’ என்று அதட்டுவது நியாயமா? மண்ணில் கிறுக்கட்டும், களிமண் உருட்டட்டும், பல்லாங்குழிக்கு விதை போடட்டும். விரல் தானே பழகும்.

வரிசை எல்லாக் குழந்தைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம்தான் வேறு. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீங்க. ரொம்பத் தாமதம் என்று தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.

அடுத்து பியாஜே. 1896-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் செய்த சோதனையை நீங்க இன்றைக்கே வீட்டில் செய்யலாம். ஒரே அளவான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்க. நாலைந்து வயதுப் பிள்ளையிடம் காட்டினால் ரெண்டும் ஒண்ணு என்று சொல்லும். அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றுங்க. இப்போது எதில் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலும் பாட்டிலைத்தான் காட்டும். அது முட்டாள்தனம் இல்லைங்க. அந்த வயதில் கண்ணுக்குத் தெரியும் உயரம்தான் அதற்குக் கணக்கு. ஏழு வயதை ஒட்டித்தான் ‘அதே தண்ணிதானே’ என்று சொல்லத் தொடங்கும். அப்போதும் கையில் பொருள் இருந்தால்தான் யோசனை ஓடும். 7 முதல் 11 வயது வரை இப்படித்தான் என்றார் பியாஜே. தொடக்கப் பள்ளியில் புளியங்கொட்டையும் மணிச்சட்டமும் வைத்துச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

ரஷ்யாவைச் சேர்ந்த வைகாட்ஸ்கி இன்னொன்றைச் சொன்னார். குழந்தைக்குத் தானாகச் செய்ய முடிந்தது ஒன்று, பெரியவர் துணையோடு செய்ய முடிந்தது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும். இதைத்தான் பாடத்தில் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று படிக்கிறீர்கள். அப்படித் தரும் துணைக்குப் பின்னால் வந்தவர்கள் ‘சாரம்’ என்று பெயர் வைத்தார்கள். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் எழும்பியதும் அவிழ்த்து விடுகிறோம். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, ஒரு கட்டத்தில் கையை எடுத்து விடுகிறோம் இல்லையா? எடுக்கவே இல்லை என்றால் பிள்ளை ஓட்டவே பழகாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை 12-ஐயும் 9-ஐயும் கூட்டி 111 என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ‘மக்கு’ என்று சொல்லி விடலாம். ஆனால் உற்றுப் பாருங்க. 2-ம் 9-ம் சேர்ந்தால் 11, அதை அப்படியே எழுதி விட்டது. மிச்சமிருந்த 1-ஐ முன்னால் போட்டு விட்டது. அதற்குக் கூட்டத் தெரிந்திருக்கிறது. பத்து ஒன்று சேர்ந்தால் ஒரு பத்து ஆகும் என்பதுதான் தெரியவில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுங்க. 12 என்றால் ஒரு கட்டும் இரண்டு குச்சியும். இன்னும் 9 குச்சி சேர்ந்தால் உதிரி 11. அதில் பத்தை அதுவே கட்டட்டும். இரண்டு கட்டு, ஒரு குச்சி. 21 தானாக வந்துவிடும்.

தப்பான விடை என்பது பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் அடையாளம். அடித்தால் அடுத்த நாள் அது விடையே சொல்லாது. அப்புறம் எங்கே நிற்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, பாடம் ஏறவும் அதுதான் வழி.

நம்மில் பலர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் முதல் தலைமுறை இந்தப் பிள்ளைகள்தான். ஆறு வயதில் ‘உனக்குப் படிப்பு வராது’ என்று கேட்ட பிள்ளை அதை நம்பி விடும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு டீச்சரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அதனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் வாரம் இரண்டு சாயங்காலம் நாலைந்து குழந்தைகளோடு உட்காருங்க. தண்ணீர் சோதனை செய்யுங்க. அவங்க சொல்லும் தப்பான விடைகளை ஒரு நோட்டில் எழுதி, ஏன் அப்படிச் சொல்லுச்சு என்று பக்கத்தில் எழுதுங்க. தேர்வில் ‘இந்தச் சூழலில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கும்போது அந்த நோட்டு கை கொடுக்கும். வேலை கிடைத்து வகுப்பில் நிற்கும்போது இன்னும் அதிகமாகக் கை கொடுக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, ‘இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்க்கலாம்’ என்றும் கேளுங்க. நீங்க படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாக் கேட்டாலே போதும்.