உமிழ்நீரும் பிள்ளைகளின் பற்களும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எமக்கு முன் பேசிய அன்பர்கள் உயர்ந்த விஷயங்களை எடுத்துப் பேசினார்கள். நாம் பேச வந்ததோ வாயில் ஊறும் எச்சிலைப் பற்றி. சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், ஆனால் சென்ற ஆண்டு விழாவிலே நிகழ்ந்த ஒன்றை நினைத்துக்கொண்டு சிரியுங்கள்.

பண்ணிசைப் போட்டிக்கென்று மூன்று மாதம் பயின்ற ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, போட்டியன்று கன்னம் வீங்கி, கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய பெயரைக் கூப்பிட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். விழா முடிவில் பிள்ளைகள் எல்லோருக்கும் ரொபிப் பை வழங்கினோம். அவளுடைய கையிலும் ஒரு பையை வைத்தோம். வைத்தவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். அன்று தொட்டு மனத்தை உறுத்திய கேள்விக்கு விடை தேடியதன் பயனே இப்பேச்சு. நாம் பல்வைத்தியரல்லோம், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அறிந்தவற்றை அறிந்த அளவிற் சொல்லுகின்றோம்.

பல்லிலே புழு இருந்து அரிக்கின்றது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பண்டைப் பாபிலோனியரும் அவ்வாறே நம்பினர். புழு இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பேர்லின் நகரில் பேராசிரியராயிருந்த மில்லர் என்னும் அமெரிக்கர். பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் பாணும் கலந்த கலவையில் இட்டுவைத்தார். சீக்கிரத்தில் அமிலம் உண்டாகிப் பல் கரையத் தொடங்கிற்று. அக்கலவையைக் கொதிக்கவைத்த பின் இட்டால் அமிலம் உண்டாகவில்லை. ஆகவே வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாச்சத்தையும் சீனியையும் அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று 1890-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அந்நுண்ணுயிர்களுள் முக்கியமான ஒன்றை 1924-இல் இலண்டனில் கிளார்க் என்பவர் பிரித்தெடுத்து, ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார்.

இனி உமிழ்நீருக்கு வருவோம். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு கனிப்பொருளே. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்கு அது. அதே கல்சியமும் பொசுபேற்றும் உமிழ்நீரிலும் நிறைந்து கரைந்திருக்கின்றன. இதை விளங்கிக்கொள்ள ஆனையிறவு உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியிலே நீர் வற்றி உப்பு நிறைந்தால் பளிங்கு வளரும். மழை பெய்து நீர் நெகிழ்ந்தால் விளைந்த உப்பும் கரைந்துபோகும். வாயும் ஒரு பாத்தியே. சாதாரண வேளையில் உமிழ்நீர் தாதுப்பொருள் நிரம்பிய நீர். அதனுள் பல் கரையாது. அமிலம் சேர்ந்தால், அது மழை பெய்தது போலாகும். பீ. எச். என்னும் அமில அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்குகின்றது.

இவ்விறக்கத்தை அளந்து காட்டியவர் ஸ்ரெபன் என்னும் அமெரிக்கர். 1940-ஆம் ஆண்டுகளில் இதைச் செய்தார். சீனி வாயிற்பட்ட சில நிமிஷங்களிலே பற்களின் மேலுள்ள படலத்தில் அமிலம் ஏறுகின்றது. பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி முதல் ஒருமணி நேரம் செல்கின்றது. திருப்பிக் கொணர்வது உமிழ்நீர். அதிலுள்ள இருகாபனேற்று அமிலத்தைத் தணிக்கின்றது. நீர் சீனியைக் கழுவுகின்றது. கல்சியமும் பொசுபேற்றும் கரைந்த இடத்தில் மீண்டும் படிகின்றன. பல்லில் முதலிலே தோன்றும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி இவ்வாறு மாறக்கூடும். குழி விழுந்துவிட்டாலோ உமிழ்நீரால் அடைக்க முடியாது. ஆகையால் வெள்ளைப் புள்ளியே எச்சரிக்கை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆறு ரொபிகளை ஒரே தரத்தில் சாப்பாட்டோடு தின்றால் ஒரு தடவை அமிலம் ஏறி இறங்கும். அதே ஆறினை நாள் முழுவதும் ஒவ்வொன்றாகத் தின்றால் ஆறு அரைமணி, அதாவது மூன்று மணி நேரமாவது பல் அமிலத்தில் நனையும். தின்ற சீனி ஒன்றே, கெடுதி ஒன்றன்று. சுவீடன் தேசத்து விபேகொல்ம் என்னும் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1945-இல் தொடங்கிய ஆராய்ச்சி இதை நிலைநாட்டிற்று. சாப்பாட்டோடு கொடுத்த சீனி சிறிதே கெடுத்தது. சாப்பாடுகளுக்கிடையிற் கொடுத்த ஒட்டும் ரொபி பற்களைப் பாழாக்கிற்று. ஆனால் அங்கிருந்த நோயாளர் சம்மதம் சொல்ல வல்லவர்களல்லர். அவர்களுடைய பற்களைக் கெடுத்தே இவ்வறிவு பெறப்பட்டது. அறிவை ஏற்கும் நாம் அது வந்த வழியை மெச்சலாகாது.

இளம் பிராயத்தினர்க்கு ஆபத்து ஏன் அதிகம்? பால்பல்லின் எனாமல் மெல்லியது. சிறுபிள்ளையின் உமிழ்நீர் ஓட்டமும் வளர்ந்தோரினதிலும் குறைவு. மேலும், புதிதாக முளைத்த நிலைப்பல் முற்றாத பல். முளைத்த பின்னரே உமிழ்நீரிலிருந்து தாதுக்களை ஏற்று, ஓரிரு ஆண்டுகளிலே திடமாகின்றது. முதற் கடைவாய்ப்பல் ஆறு வயதளவில் முளைக்கும். இரண்டாவது பன்னிரண்டு வயதளவில். ஆகவே ஆறு முதல் எட்டு வரையும், பன்னிரண்டு முதல் பதினான்கு வரையும் மிகக் கவனமான காலங்கள்.

தாய்மார்களே, இதனைக் கட்டாயம் கேளுங்கள். ஆறு வயதுப் பல் எந்தப் பல்லும் விழாமலே பால்பற்களுக்குப் பின்னால் மெல்ல எழும்பும். பெற்றோர் அதைப் பால்பல்லென்றே எண்ணி, "விழுகிற பல்தானே" என்று விட்டுவிடுகின்றனர். விழுந்தால் வேறொன்று முளையாது. எமது சிறுமிக்கு நோவு தந்ததும் அந்தப் பல்லே. பால்பல்லையும் அலட்சியம் செய்யலாகாது. பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். காவற்காரன் இல்லாத வீடாகும் வாய். க. பொ. த. பரீட்சைக்கென்று நடுநிசிவரை விழித்து, சீனித் தேநீரும் பிஸ்கற்றும் உண்டு, அப்படியே படுத்துவிடுகிறவர் பலர். அன்றிரவு முழுவதும் அமிலத்துக்கே ஆட்சி. பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தையின் நிலையும் இதுவே. சோடா வகைகளோ சீனியோடு அமிலத்தையும் தாமே கொண்டுவருகின்றன. அவற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சுவது இன்னும் தீது.

பனங்கட்டி நல்லது, சீனிதான் கெட்டது என்று சொல்வார் உளர். பனங்கட்டியில் வேறு நற்குணங்கள் இருக்கலாம். பல்லின் மேலுள்ள கிருமிக்கு அந்தப் பேதம் தெரியாது.

இனிச் செய்யவேண்டியவை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் கண்டனர். குச்சியை மென்றதனால் உமிழ்நீர் பெருகிற்று, பல்லும் துலங்கிற்று, அது வீண்பேச்சன்று. இன்று நமக்குப் புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையும் கிடைக்கின்றது. புளோரைட்டு எனாமலிற் சேர்ந்தால் அமிலத்தை மேலும் தாங்கும். காலையிலும், முக்கியமாகப் படுக்கைக்குப் போகுமுன்னும் துலக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு பசை போதும். துப்பவேண்டும், விழுங்கலாகாது, துப்பிய பின் நிறைய நீரால் அலசாமல் விட்டால் பயன் கூடும். அளவு மீறினால் புளோரைட்டும் கெடுதி செய்யும். அனுராதபுரம், பொலனறுவை முதலிய வரண்ட பிரதேசங்களிற் பல கிணறுகளில் புளோரைட்டு மிகுந்திருப்பதனால், அங்குள்ள பிள்ளைகளின் பற்களிற் கறை படிவதை நாம் அறிவோம். இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்துங்கள். இடையிற் பசித்தால் கச்சான், கொய்யாப்பழம் என மென்று தின்பவற்றைக் கொடுங்கள். நோவு வருமுன்னரே பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திற் பல்லைக் காட்டுங்கள்.

முடிவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். பிரசாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சர்க்கரைப் பொங்கல் இருந்து உண்ணும் உணவு. உண்டபின் வாய் கொப்பளிக்க ஒரு குடம் நீர் வையுங்கள், போதும். ஆனால் ஞாயிறு வகுப்பிலும் விழாக்களிலும் பிள்ளைகளுக்கு ரொபி கொடுக்கும் வழக்கத்தை இவ்வாண்டோடு விட்டு, பழமோ கச்சானோ கொடுப்போம். செலவு கூடினால் அதில் ஒரு பங்கை நாம் ஏற்கின்றோம். அச்சிறுமி இவ்வாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பல்லைப் பிடுங்கிய இடம் வெற்றிடமாகவே இருக்கின்றது; குரல் நன்றாக இருக்கின்றது. அவள் பாடி முடித்ததும் அவள் கையில் எதை வைக்கப்போகிறோம் என்பதைச் சபையோர் தீர்மானிக்கவேண்டும்.